ஃப்ளோரன்ஸில் கை நனைத்த சனிக்கிழமை

அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை, சேந்தமங்கலத்தில் என் மாமா வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: மாமாவின் மனைவி பூவாத்தாள் அத்தை, சோபாவின் நுனியில். மாமாவின் தம்பி குழந்தைவேல், மின்விசிறிக்கு நேர் கீழே. நான், ஜெகதீஸ்வரன், சேலம் சூரமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவன்.

இத்தாலியில், ஃப்ளோரன்ஸ் நகரத்தில் இருந்தவர்கள்: என் தாய்மாமன் சின்னுசாமி. அவருடைய ஒரே மகள் தனப்பிரியா. அவள் புருஷன் ஆனந்தகுமார்.

இத்தனை பேரில் அன்று மத்தியானம் சாப்பிட்டிருந்தவர் குழந்தைவேல் மாமா மட்டும்.

சின்னுசாமி மாமாவுக்குக் கோழிப்பண்ணை. புது மாதிரிக் கூண்டு செய்கிற தொழிற்சாலையைப் பார்க்க நாமக்கல் பண்ணைக்காரர்கள் ஒரு கூட்டமாக இத்தாலிக்குப் போயிருந்தார்கள். சனிக்கிழமை அவர்களுக்கு வேலை இல்லை. மற்றவர்கள் கடைவீதிக்குக் கிளம்ப, மாமா வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுத் தனியாக ரயில் ஏறினார். ஃப்ளோரன்ஸுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. மகளைப் பார்க்கப் போகிறார் என்பது கூட்டத்தில் யாருக்கும் தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன் தனப்பிரியா குமாரபாளையத்து நெசவுக் குடும்பத்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மறுநாள் இருவரும் இந்த வீட்டுக்கு வந்தார்கள். மாமா முன்வாசலில் நாற்காலி போட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர்கள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். மாமா பக்கத்தைத் திருப்பினார். வாங்க என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்த காரிலேயே போய்விட்டார்கள். எங்கள் பக்கத்தில் வாசலுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லாமல் விடுவது அடிப்பதைவிட மோசம். அடித்துவிட்டால் நாலு பேர் உட்கார்ந்து சமாதானம் பேசலாம். இதற்குப் பேச்சே கிடையாது.

அன்று சாயங்காலம் மாமா சொன்னார்: "அவ ஊட்டுல நான் கை நனைக்க மாட்டேன்." ஒரு வீட்டில் சோறோ தண்ணீரோ தொடுவதற்குத்தான் கை நனைப்பது என்று பெயர். சொன்ன வார்த்தையை மாமா மாற்றியது கிடையாது. தனப்பிரியாவும் அப்படித்தான். அப்பா பேசாமல் அம்மா மட்டும் திருட்டுத்தனமாகப் பேச வேண்டாம் என்று சொல்லி, அத்தையின் அழைப்பைக்கூட எடுப்பதில்லை. காலேஜில் ஏதாவது சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவாள். அவள் எனக்கு முறைப்பெண். எனக்குக் கட்டிக் கொடுப்பார்கள் என்று யாரும் நினைக்கவில்லை, நான் உட்பட. அதனால்தான் இரண்டு பக்கத்துக்கும் நான் வசதியாக இருந்தேன்.

இத்தாலி கிளம்புவதற்கு முந்தின வாரம் மாமா எனக்குப் போன் செய்தார்.

"மாப்ள, ஊட்டுக்குப் போக மாட்டேன். சொன்னது சொன்னதுதான். ஓட்டல்ல ஒருவேள ஒண்ணா உக்காந்து சாப்பிட்டா அது கணக்குல வராதில்ல?"

"வராதுங்க மாமா."

"அப்ப எடத்த நீ பாரு. உனக்குத்தான் அந்த ஊரு அத்துப்படியாச்சே."

அந்த ஊர் எனக்கு அத்துப்படிதான். நான் பார்த்ததில்லை, அவ்வளவே. சூரமங்கலத்தில் ஒரு மாடியில், ராத்திரி ஷிப்டில், சுற்றுலாக்காரர்களுக்குப் பதில் தட்டும் வேலையில் நான்கு வருஷம் இருந்தேன். என் மேசைக்கு ஃப்ளோரன்ஸ். ஜெர்மன்காரனும் பிரேசில்காரியும் கேட்பது ஒரே கேள்வி: நல்லதாக, விலை குறைவாக எங்கே சாப்பிடலாம்? வரைபடத்தைத் திறந்து, சந்து சந்தாகப் போய், சாப்பிட்டவர்கள் எழுதியதைப் படித்துப் பதில் சொல்வேன். நன்றி என்று ஒரு வார்த்தை வரும். சாப்பிட்டுவிட்டு வந்து எப்படி இருந்தது என்று ஒருத்தரும் சொன்னதில்லை. ஒரு நாள் குளித்து, சட்டை போட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்தேன். வேலைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.

மாமாவின் நிபந்தனை இது: புரட்டாசிச் சனிக்கிழமை என்பதால் கறி கூடாது, முட்டையும் கூடாது. முட்டை விற்றுக் கட்டிய வீட்டில் இருப்பவர் அன்றைக்கு முட்டையைத் தொட மாட்டார். அந்த ஊரிலோ அன்றன்றைக்குப் பிசைகிற பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும்.

தனப்பிரியாவின் நிபந்தனை வேறு. "நாந்தான் காசு குடுப்பேன் ஜெகா. அவரு முன்னால பில்லப் பாத்து முழிக்கற மாதிரி எடம் வேண்டாம். அதுக்குன்னு மகளு ரோட்டோரத்துல நிக்க வெச்சுச் சோறு போட்டான்னும் அவரு சொல்லக் கூடாது."

நான் வழக்கமாகச் சொல்வதை அவளுக்கும் சொன்னேன். பெரிய கும்மட்டத் தேவாலயம் கண்ணுக்குத் தெரிகிற கடை எதுவும் வேண்டாம். சாப்பாட்டுப் படத்தை வாசலில் மாட்டிய கடை வேண்டாம். ஆற்றைத் தாண்டு, மர வேலை செய்கிறவர்களும் தோல் தைக்கிறவர்களும் மத்தியானம் சாப்பிடுகிற சந்துகள் அங்கேதான். பலகையில் அன்றைக்கு உள்ளதை மட்டும் கையால் எழுதியிருப்பார்கள். முக்கியமாக, வாசலில் ஆள் நின்று கூப்பிடுகிற கடைக்குள் போகவே கூடாது.

அப்படி ஒரு கடையைப் பிடித்தேன். தனப்பிரியா முந்தின நாளே நேரில் போய், காய்ந்த ரொட்டியும் வெள்ளை அவரையும் கீரையும் போட்டுக் கொதிக்க வைக்கிற சாறில் கறி இல்லை, முட்டை இல்லை என்று கேட்டு உறுதி செய்து, ஒரு மேசையும் சொல்லி வைத்தாள். மத்தியானம் இரண்டரைக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். நமக்கு அப்போது சாயங்காலம் ஆறு மணி.

நான் சேந்தமங்கலத்துக்கு வந்தபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. அத்தை கம்பிக்கதவின் பூட்டைத் திறந்து என்னை உள்ளே விட்டு மறுபடி பூட்டினாள். மாமா ஊரில் இல்லாதபோது அந்தக் கதவு பூட்டியே இருக்கும். பெருமாளுக்குப் படைத்த புளிச்சோறும் சுண்டலும் வடையும் சமையலறையில் மூடி இருந்தன. எள் வறுத்த வாசம் கூடம் வரை வந்தது.

"வா கண்ணு. எல மட்டும் இன்னும் போடல. அவரு அங்க மககூட உக்காந்து ஒரு வாய் வெச்ச பொறவுதான் நானு. நீயும் சித்த இரு, ஒண்ணாச் சாப்புடலாம்."

"சரிங்க அத்தை."

"நமக்கு அந்த வேண்டுதலெல்லாம் இல்ல," என்றார் குழந்தைவேல் மாமா. "எங்க ஊட்டுல பன்னெண்டுக்கே போட்டுட்டாங்க." ஏப்பம் விட்டார்.

அத்தையின் போனில் மாமாவை வீடியோவில் பிடித்து, டீப்பாய் மேல் பூஜாடிக்குச் சாய்த்து வைத்தேன். ரயில் நிலையத்திலிருந்து அவர் நடக்கத் தொடங்கினார். முதலில் தரை, பிறகு அவருடைய கட்டை விரல், பிறகு மேகம் இல்லாத வானம். நான் வழி சொன்னேன். அந்தத் தெருக்களில் எந்த முக்கில் மருந்துக்கடை, எந்த முக்கில் செய்தித்தாள் பெட்டிக்கடை என்று எனக்குத் தெரியும். பெட்டி இருந்த இடத்தில் இப்போது ஐஸ்கிரீம் கடை. அவ்வளவுதான் மாற்றம்.

"மாப்ள, இங்கொருத்தன் கோட்டு போட்டுக்கிட்டு என்னையப் பாத்துக் கையெடுத்துக் கும்புடறான். நமஸ்தேங்கறான். மரியாத தெரிஞ்சவனாட்ட இருக்குது."

"கையில படம் போட்ட அட்டை வெச்சிருக்கானுங்களா?"

"ஆமா."

"திரும்பிப் பாக்காம நடங்க மாமா."

"வாங்கன்னு கூப்புடறவனத் தாண்டியா போறது?"

குழந்தைவேல் மாமா சோபாவிலிருந்து கத்தினார். "அண்ணா, நம்ம பைபாஸ்ல விசில் ஊதிக் கொடியாட்டற கடையில எவனாச்சும் சாப்பிட்டு உருப்பட்டிருக்கானா? அதே கம்பெனிதான் அது. நட."

அது மாமாவுக்குப் புரிந்தது. நடந்தார். நகைக்கடைகள் வரிசையாக இருக்கிற பழைய பாலத்தைத் தாண்டினார். "ஆத்துல தண்ணி இருக்குதே," என்றார். அத்தை எட்டிப் பார்த்தாள். இடது பக்கம், வலது பக்கம், பிறகு மரத்தூள் குவித்திருந்த ஒரு பட்டறை. அதைத் தாண்டிக் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்னக் கடை. நான் எத்தனையோ பேரை அனுப்பி வைத்த வாசல். ஆள்கள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள்.

மாமா எதிர்ச்சுவர் ஓரம் நின்றுவிட்டார்.

"அதான் மாமா கடை. உள்ள போங்க."

"இரு மாப்ள."

"தனாவும் அவரும் உள்ளதான் உக்காந்திருக்காங்க."

"இருக்கட்டும்."

"அப்பறமென்னங்க?"

"யாருமே வாங்கன்னு சொல்லலியே."

நான் திரையைப் பார்த்தேன். மாமா போனை நெஞ்சோடு வைத்திருந்தார் போல. கண்ணாடிக் கதவு தலைகீழாகத் தெரிந்தது. வாசலில் ஆள் நின்று கூப்பிடாத கடையாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவன் நான். அவரோ வாழ்நாளில் கூப்பிடாத வாசலுக்குள் கால் வைத்ததில்லை.

என் போன் அடித்தது. தனப்பிரியா.

"எங்க ஜெகா அவரு?"

"வாசல்ல. எதுத்தாப்புல நிக்கறாரு."

"தெரியுது. கண்ணாடி வழியாப் பாத்துட்டுத்தான் இருக்கோம். வரச் சொல்லு."

"நீ வந்து கூப்புடணுமாம்."

அவள் பக்கத்திலிருந்து கரண்டிச் சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டன. யாரோ சிரித்தார்கள்.

"ஜெகா, சோறு போடறது நானு. எடம் புடிச்சது நானு. என் ஊட்டுக்காரரு அன்னிக்கு கேட்டுக்கு வெளிய நின்னாரில்ல? வெயில்ல. அப்ப எங்கப்பா என்ன படிச்சிட்டிருந்தாரு தெரியுமா? முட்ட வெல. முந்தின நாளே அந்த வெல அவருக்குத் தெரியும், அதையே படிச்சிட்டிருந்தாரு. நான் எதுக்குப் போயி வாங்கங்கணும்?"

"நீ போகாட்டி அவரு வர மாட்டாரு."

"வராட்டிப் போகட்டும்."

பின்னால் ஆனந்தகுமார் ஏதோ சொன்னார். அவள் போனை மூடிக்கொண்டு பதில் சொன்னாள். திரும்பி வந்து, "கடக்காரரு மேசையக் கேக்கறாரு. வெளிய ஆளு நிக்குது. இன்னுங் கொஞ்ச நேரம் பாத்துட்டு எந்திரிச்சிருவோம்," என்றாள்.

இன்னொரு போனில் மாமா. "என்ன சொல்றா?"

"மேசை போயிருமாம் மாமா. இரண்டரைக்கு அடுப்பையும் அணைச்சிருவாங்க."

"போனாப் போகுது. ரயிலு எத்தன மணிக்குன்னு பாரு."

அந்த வேலையில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்று உண்டு: வாடிக்கையாளர் எரிச்சலில் இருந்தால் அவருக்குப் பிடித்ததைச் சொல்லி நகர்த்து. அவள் கூப்பிடுகிறாள் மாமா என்று நான் சொல்லிவிடலாம். அவர் உள்ளே போவார். அவளும் எழுந்து நிற்பாள். வாயில் வார்த்தை வந்தது. அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

"பண்ணைச் சாளையக் கூட்டிப் பெருக்கறவன் கூப்புட்டாக்கூடப் போவாரு, பெத்த மக சாப்பாடு வாங்கித் தர்றா, போகறதுக்கு வெத்தல பாக்கு வெக்கணுமாம்," என்றார் குழந்தைவேல் மாமா. வெளியே தீவன லாரி ஆரன் அடித்தது. "இந்தக் கூத்து முடியாது. நான் மூட்டையெறக்கப் போறேன். சாவியக் குடு அண்ணி."

அத்தை கதவைத் திறந்துவிட்டு வந்தாள். உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"சாமி, அந்தப் புள்ள போனு இன்னும் லைன்ல இருக்குதா?"

"இருக்குதுங்க அத்தை."

"சத்தமா வெய்யி. ரெண்டையும் பக்கத்துல வெய்யி. அவருக்கும் கேக்கட்டும்."

என் போனை ஸ்பீக்கரில் போட்டு அத்தையின் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். அத்தை முந்தானையை இழுத்துச் செருகினாள். யாரோ நேரில் வந்திருப்பது போல நிமிர்ந்தாள்.

"தனா, மாப்பிள்ளகிட்டக் குடு."

"அம்மா?"

"குடுன்னு சொன்னேன்."

போன் கை மாறியது. "சொல்லுங்க," என்றது ஓர் ஆண் குரல். அன்றுதான் அந்தக் குரலை அத்தை கேட்டாள்.

"மாப்பிள்ள, நான் பூவாத்தா பேசறேன். அன்னிக்கு நீங்க வந்தப்ப நான் சன்னலுக்கு உள்ள நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். எனக்கும் வாயி இருந்துச்சு. அவரு சொல்லலைன்னு நானும் சொல்லாம உட்டுட்டேன்." நிறுத்தினாள். "வாங்க மாப்பிள்ள. உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க."

ஊருக்கு வெளியே, ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி ஒன்று கியர் மாற்றிக்கொண்டு போனது. அத்தையின் போனில் மாமா மூச்சு விடுவது கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கிறது.

"ஏனுங்க," என்றாள் அத்தை அவரிடம்.

திரையில் கண்ணாடிக் கதவு அப்படியே தலைகீழாக இருந்தது.

என் போனில் நாற்காலி இழுபட்டது. "நீ உக்காரு, நான் போறேன்," என்றார் ஆனந்தகுமார், அவளிடம்தான். பிறகு அத்தையின் போனில், தலைகீழாக, கண்ணாடிக் கதவு திறந்தது. ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஆள். சட்டைக் கையை மடித்திருந்தார். தெருவைத் தாண்டி வந்தார். கிட்ட வந்ததும் திரையில் சட்டைப் பொத்தான் மட்டும் தெரிந்தது.

"வாங்க மாமா."

பொத்தான் திரையிலேயே நின்றது.

"ம்," என்றார் மாமா. "நீங்க முன்னால போங்க."

படம் ஆடியது. கதவு, வெளிச்சம், பலகையில் சாக்பீஸ் எழுத்து. ஒரு நொடி அந்தக் கடையின் உள்ளே பார்த்தேன். மேசை மேல் விரித்த பழுப்புக் காகிதம். சுவரில் ஒரு சைக்கிள் மாட்டியிருந்தது. நான் பார்த்த எந்தப் புகைப்படத்திலும் அந்தச் சைக்கிள் இல்லை. பிறகு மாமா போனை அணைத்தார். என் போனும் அணைந்தது.

அத்தை சோபாவில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்திருந்தேன். இருவரும் திரையைப் பார்த்தோம். எள் வாசம் அப்படியே இருந்தது. சமையலறையில் ஒரு பல்லி சத்தம் போட்டது. அத்தை, "இப்ப வெச்சிருப்பாங்க," என்றாள். கொஞ்சம் கழித்து, "சூடாத்தான் இருக்குமில்ல?" என்றாள்.

"கொதிக்கக் கொதிக்கத் தருவாங்க அத்தை. மேல எண்ணெ ஊத்தி."

"நல்லெண்ணெயா?"

"ஆலிவ் எண்ணெய்."

"ம்."

எனக்கு அவர்கள் சேர்ந்தார்களா என்பதைவிட, அந்தச் சாறு எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும் என்றிருந்தது. நான் அனுப்பியவர்களில் கேட்டால் பதில் சொல்லக்கூடிய முதல் ஆள்கள் இவர்கள்தான். கேள்வியை மனதுக்குள் தயார் செய்துகொண்டேன். கெட்டியாக இருந்ததா? ரொட்டி கரைந்திருந்ததா? பரிமாறியவர் நல்ல மாதிரியா?

வெளியே இருட்டத் தொடங்கியது. அத்தை விளக்கைப் போட்டாள். பெருமாள் படத்துக்கு முன்னால் திரியைத் தூண்டினாள். அப்போதுதான் அடித்தது. என் போன் இல்லை. அத்தையின் போன். திரையில் தனா என்று எழுத்து. மூன்று வருஷமாக அந்த எண்ணை அத்தை அழிக்கவில்லை.

அத்தை அதை ஸ்பீக்கரில் போடவில்லை. காதோடு வைத்துக்கொண்டாள். நான் கேட்டது ஒரு பக்கப் பேச்சு.

"சொல்லு கண்ணு... அழுவாத, நானே அழுவல... சாப்புட்டாரா? ரெண்டு வட்டல் சாறா?... என்னது, உப்பே இல்லியா ரொட்டியில?" சிரித்தாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "ரொட்டியில உப்பு இல்லியாம். உப்பில்லாதத எத்தன தின்னாலும் கை நனைச்ச கணக்குல வராதுன்னு உங்க மாமா மாப்பிள்ளகிட்டச் சொல்லிட்டிருக்காராம்." பிறகு போனுக்கு: "இப்ப எங்க?... உங்க ஊட்டு வாசல்லயா? மேல வர மாட்டேங்கறாரா? சரி உடு. நிக்கட்டும். படிக்கட்டு வரைக்கும் வந்தாரில்ல... ஆமா... உன்ற ஊட்டுக்காரரு என்ன பண்றாரு, பேசிட்டிருக்காரா?... ரெண்டு பேரும் கூண்டப் பத்தியா?"

நான் எழுந்து நின்றேன். சேலம் பஸ் ஊருக்குள் வருகிற நேரம். அத்தை என்னைப் பார்த்தாள். கையால் இரு என்றாளா போ என்றாளா தெரியவில்லை. கை காற்றில் ஒரு தடவை ஆடியது. அவள் முகம் முழுக்கப் போனுக்குள் இருந்தது. அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"போயிட்டு வாரேங்க அத்தை," என்றேன்.

தலையை ஆட்டினாள். சாவியை எடுத்துக்கொண்டு, பேசிக்கொண்டே என்னோடு வாசல் வரை வந்தாள். நான் ஷூவை மாட்டினேன். கயிறு கட்டுகிற ஷூ. ஒரு காலைக் கட்டினேன். இன்னொரு காலைக் கட்டினேன். முதல் காலை அவிழ்த்து மறுபடி கட்டினேன். சமையலறை விளக்கு போடாமல் இருட்டாக இருந்தது. எங்களுக்கான இரண்டு இலையும் அங்கேதான் இருந்தன. அத்தை, "மாப்பிள்ளைக்குப் புளிச்சோறு புடிக்குமா? அடுத்த தடவ வந்தா..." என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்தேன். கம்பிக்கதவைத் தாண்டி வெளியே வந்து, தெரு விளக்குக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றேன். எதற்கு என்று எனக்குத் தெரியும்.

"நீ ஒழுங்காச் சாப்புட்டியா கண்ணு?" என்று கேட்டாள் அத்தை, போனில். "நானா? இனிமேத்தான். எல போட்டு உக்கார வேண்டியதுதான்."

பேசிக்கொண்டே இன்னொரு கையால் கம்பிக்கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டு, அழுத்திப் பூட்டினாள்.